பிரௌனியன் இயக்கத்தைக் கொண்டு அவகாட்ரோ எண்ணை நீங்களே அளப்பது எப்படி: புதியவர்களுக்கு ஒரு வழிகாட்டி

நீரில் மிதக்கும் நுண்துகள்கள் ஓயாமல் நடுங்குகின்றன, அதுவே அணுக்கள் இருப்பதற்குச் சான்று என்று பாடநூல்கள் ஒரே மூச்சில் சொல்லிவிடுகின்றன. ஆனால், 1827இல் ராபர்ட் பிரௌன் ஆராய்ந்த, பிரௌனியன் இயக்கம் எனப்படும் அந்த நடுக்கம், வெறும் காட்சியாக இருந்தவரை, அணுவை ஐயுற்றவர்களை அசைக்கவில்லை. அவர்களை அசைத்தது அந்த நடுக்கத்திலிருந்து பெறப்பட்ட ஓர் எண். 1905இல் ஐன்ஸ்டைன் தந்த சமன்பாட்டைக் கொண்டு, 1908 முதல் பாரிஸில் ழான் பெரென் ஒரு மோல் பொருளில் எத்தனை மூலக்கூறுகள் உள்ளன என்பதை, அதாவது அவகாட்ரோ எண்ணை, அளந்து காட்டினார். அதே அளவீட்டை ஒரு சாதாரண நுண்ணோக்கி, ஒரு கைப்பேசி, ஒரு சிறு புட்டி பாலிஸ்டைரீன் துகள்கள் ஆகியவற்றைக் கொண்டு நீங்களும் செய்யலாம். நான் இதைச் செய்யத் தொடங்கியபோது, எந்தச் சான்றிதழைக் கேட்டு வாங்க வேண்டும், எதற்குச் செலவழிக்க வேண்டும், எங்கே எண் தவறும் என்று தமிழில் சொல்ல யாரும் கிடைக்கவில்லை. கல்லூரி மாணவர்களும் ஆசிரியர்களும் அந்த அலைச்சல் இல்லாமல் முடிக்க வேண்டும் என்பதற்காக இதை எழுதுகிறேன்.

1. பார்க்கப் போகிறீர்களா, அளக்கப் போகிறீர்களா என்று முடிவு செய்யுங்கள்

நடுக்கத்தைப் பார்ப்பது மட்டும் நோக்கம் என்றால், பாலை நீரில் நன்றாக நீர்க்கச் செய்து, ஒரு துளியைக் கண்ணாடி ஸ்லைடில் வைத்து, 40 மடங்குப் பொருளருகு வில்லையில் பார்த்தால் போதும். செலவு ஏறத்தாழ ஒன்றுமில்லை, அரை மணி நேரத்தில் முடிந்துவிடும். ஆனால் பாலின் கொழுப்புத் துளிகள் பல அளவுகளில் இருப்பதால் அவற்றைக் கொண்டு அளவீடு செய்ய முடியாது. துகளின் ஆரம் தெரியாமல் சமன்பாடு வேலை செய்யாது.

இங்கே ஒரு பழைய தவற்றையும் சொல்லிவிட வேண்டும். மகரந்தத் தூளை நீரில் தூவிவிட்டு நடுக்கத்துக்காகக் காத்திருக்காதீர்கள். பிரௌன் பார்த்தது மகரந்தத்தின் உள்ளிருந்து வந்த மிக நுண்ணிய துகள்களின் அசைவு. முழு மகரந்தத் துகள் பல பத்து மைக்ரோமீட்டர் அகலமுள்ளது; அதன் அசைவு கண்ணுக்குப் பிடிபடாத அளவு சிறியது. குளத்து நீரும் வேண்டாம். அதில் தாமாக நீந்தும் உயிரிகள் இருக்கும், அவற்றின் ஓட்டத்துக்கும் வெப்ப நடுக்கத்துக்கும் தொடர்பில்லை.

அளக்கப் போகிறீர்கள் என்றால் மேலே படியுங்கள்.

2. துகளின் சான்றிதழ்: வாங்கும் முன்பே கேட்க வேண்டிய ஆவணம்

பெரென் பயன்படுத்தியது கார்சினியா இன மரத்திலிருந்து வடியும் மஞ்சள் பிசின். ஒரு கிலோகிராம் பிசினைப் பல மாதங்கள் மையவிலக்கியில் சுற்றிச் சுற்றிப் பிரித்த பிறகே, ஒரே அளவுள்ள துகள்கள் ஒரு கிராமுக்கும் குறைவாக அவருக்குக் கிடைத்தன. இன்று அந்த உழைப்பு புட்டியில் அடைத்து விற்கப்படுகிறது. 1 மைக்ரோமீட்டர் விட்டமுள்ள, ஒரே அளவான பாலிஸ்டைரீன் துகள்கள் என்று கேளுங்கள்.

புட்டியோடு தொகுதி எண்ணுக்குரிய பகுப்பாய்வுச் சான்றிதழ் வர வேண்டும். சராசரி விட்டம், அதன் பிழை வரம்பு, விட்டத்தின் திட்ட விலக்கம், அடர்த்தி, காலாவதி நாள், விட்டம் எந்த முறையில் அளக்கப்பட்டது என்ற விவரம் ஆகியவை அதில் இருக்க வேண்டும். விளம்பரப் பட்டியலில் உள்ள "1 மைக்ரோமீட்டர்" என்பது பெயரளவு மட்டுமே. கணக்கில் போட வேண்டியது சான்றிதழில் உள்ள விட்டம். எனக்குப் பொருள் அனுப்பிய விற்பனையாளர் முதலில் வேறொரு தொகுதியின் சான்றிதழை இணைத்திருந்தார். புட்டியின் மேலிருந்த எண்ணோடு ஒப்பிட்டுப் பார்த்ததால்தான் அது தெரிந்தது. அதனால் பணம் கட்டும் முன்பே, அனுப்பப்போகும் தொகுதியின் சான்றிதழை மின்னஞ்சலில் கேட்டுப் பெறுங்கள்.

இந்த முழு வழிகாட்டியிலும் நான் மிக முக்கியமாகக் கருதும் எச்சரிக்கை விட்டத்தை அளந்த முறை பற்றியது. சில சான்றிதழ்களில் விட்டம் இயங்கு ஒளிச்சிதறல் முறையில் அளக்கப்பட்டது என்றிருக்கும். அந்தக் கருவி துகள்களின் பிரௌனியன் இயக்கத்தையே அளந்து, போல்ட்ஸ்மான் மாறிலியின் மதிப்பை உள்ளே போட்டு, விட்டத்தைக் கணக்கிடுகிறது. போல்ட்ஸ்மான் மாறிலி என்பது வாயு மாறிலியை அவகாட்ரோ எண்ணால் வகுத்தது. ஆக, அந்த விட்டத்தைக் கொண்டு நீங்கள் அவகாட்ரோ எண்ணைக் கண்டால், ஏற்கெனவே உள்ளே வைத்ததையே வெளியே எடுத்திருப்பீர்கள். பார்ப்பதற்கு விடை அழகாக வரும், ஆனால் எதையும் நிறுவியிருக்காது. எலெக்ட்ரான் நுண்ணோக்கியாலோ வேறு நேரடி முறையாலோ விட்டம் அளக்கப்பட்டிருக்க வேண்டும்.

அத்தகைய சான்றிதழ் கிடைக்காவிட்டாலும் வழியுண்டு. ஒரு துளியை ஸ்லைடில் உலர விடுங்கள். உலரும் விளிம்பில் துகள்கள் ஒன்றையொன்று தொட்டபடி வரிசையாக ஒட்டிக்கொள்ளும். பத்து, பன்னிரண்டு துகள்கள் நேராக நிற்கும் வரிசையைத் தேடி, முதல் துகளின் மையத்திலிருந்து கடைசித் துகளின் மையம் வரை அளந்து, இடையிலுள்ள இடைவெளிகளின் எண்ணிக்கையால் வகுத்தால் விட்டம் கிடைக்கும். தனித் துகளை நேரே அளந்தால் ஒளியின் விளிம்பு விலகல் அதைப் பெரிதாகக் காட்டும், வரிசையில் அந்தப் பிழை வராது. பெரெனும் இம்முறையைக் கையாண்டார். இதோடு நிற்காமல், வேறு வழிகளிலும் ஆரத்தை அளந்து அவை ஒத்துப்போவதைக் காட்டிய பிறகே அவர் மேலே சென்றார்.

3. கருவிகளும் செலவும்

பெரிய செலவு நுண்ணோக்கிதான், அதை வாங்காதீர்கள். கல்லூரி உயிரியல் ஆய்வகத்தில் இருப்பதே போதும். 40 மடங்குப் பொருளருகு வில்லையும், எல்இடி விளக்கும் இருக்க வேண்டும். ஹாலஜன் விளக்கு ஸ்லைடைச் சூடாக்கும், அது பின்னால் உங்கள் கணக்கைக் கெடுக்கும்.

இரண்டாவது செலவு துகள்கள். நல்ல சான்றிதழுள்ள ஒரு சிறு புட்டிக்குப் பல ஆயிரம் ரூபாய் ஆகலாம், இறக்குமதியானால் வந்து சேர வாரக்கணக்கில் காத்திருக்க நேரிடும். ஆனால் ஒரு சோதனைக்கு ஒரு துளிக்கு மேல் தேவைப்படாது. இரண்டு மூன்று கல்லூரிகள் சேர்ந்து ஒரு புட்டி வாங்குவதே அறிவுடைமை. அனுப்பும் செலவும் வரியும் துகளின் விலைக்கு மேல் தனியாக வரும், விலைப்புள்ளி கேட்கும்போதே அவற்றையும் சேர்த்துக் கேளுங்கள்.

மூன்றாவது, ஸ்டேஜ் மைக்ரோமீட்டர் எனப்படும் அளவுகோல் ஸ்லைடு. 1 மில்லிமீட்டர் நீளம் 100 பிரிவுகளாகப் பிரிக்கப்பட்டிருக்கும், ஒரு பிரிவு 10 மைக்ரோமீட்டர். சில நூறு ரூபாயிலிருந்தே கிடைக்கிறது. பணத்தை மிச்சப்படுத்த இதை விட்டுவிடாதீர்கள். இவை தவிர, கைப்பேசியைக் கண்ணருகு வில்லையில் பொருத்தும் பிடிப்பான், வாலை வடிநீர், ஸ்லைடுகள், கவர் ஸ்லிப்கள், இருபக்க ஒட்டு நாடா, நகப்பூச்சு, பத்தில் ஒரு பாகை காட்டும் வெப்பமானி ஆகியவை வேண்டும். காணொளியில் துகள்களின் இடங்களைக் குறிக்க இமேஜ்ஜே, டிராக்கர் ஆகிய மென்பொருள்கள் இலவசமாகக் கிடைக்கின்றன.

4. மாதிரியைத் தயாரித்தல்

புட்டியை மெதுவாகக் கவிழ்த்து நிமிர்த்தி, அடியில் படிந்த துகள்களைக் கலக்குங்கள். ஒரு துளியை இருபது துளி வாலை வடிநீரில் இட்டு, அந்தக் கலவையில் ஒரு துளியை மீண்டும் இருபது துளி நீரில் இடுங்கள். பார்வைப் புலத்தில் ஐந்து முதல் பத்துத் துகள்கள் தெளிவாகத் தெரிந்தால் அடர்வு சரி. கூடுதலாக இருந்தால் இன்னும் நீர்க்கச் செய்யுங்கள். குழாய் நீரைப் பயன்படுத்தாதீர்கள். அதிலுள்ள உப்புகள் துகள்களின் மின் விலக்கலைக் குறைத்து, அவற்றை ஒன்றோடொன்று ஒட்ட வைத்துவிடும்.

ஸ்லைடில் இரண்டு கீற்று ஒட்டு நாடாவை இணையாக ஒட்டி, நடுவில் துளியை வைத்து, மேலே கவர் ஸ்லிப்பை அழுத்துங்கள். ஏறத்தாழ 100 மைக்ரோமீட்டர் ஆழமுள்ள அறை அமையும். பிறகு நான்கு பக்கமும் நகப்பூச்சால் மூடிவிடுங்கள். மூடாத ஸ்லைடில் நீர் ஓரங்களில் ஆவியாகி, எல்லாத் துகள்களும் ஒரே திசையில் ஆற்றில் போவது போல அடித்துச் செல்லப்படும். புதியவர்களின் அளவீட்டைக் கெடுப்பதில் இதுவே முதன்மையானது. குழியுள்ள ஸ்லைடு வசதியாகத் தோன்றும், ஆனால் ஆழம் கூடுதலானால் வெப்பச்சலனம் தொடங்கிவிடும்.

மூடிய ஸ்லைடை நுண்ணோக்கி மேடையில் வைத்து, விளக்கை எரியவிட்டு, பத்து முதல் பதினைந்து நிமிடம் பொறுத்திருங்கள். வெப்பநிலை நிலைபெற அந்த நேரம் வேண்டும். அதற்காக மணிக்கணக்கில் விட்டுவிடவும் கூடாது. இந்தத் துகள்கள் நிமிடத்துக்கு ஏறத்தாழ 2 மைக்ரோமீட்டர் என்ற கணக்கில் கீழே இறங்குவதால், ஒரு மணி நேரத்தில் பெரும்பாலானவை அடித்தளத்துக்கு அருகே சேர்ந்துவிடும்.

5. அளவுகோலும் படப்பிடிப்பும்

முதலில் அளவுகோல் ஸ்லைடைப் படம் எடுங்கள். கைப்பேசியின் பெரிதாக்கலை ஒருமுறை அமைத்த பிறகு தொடாதீர்கள்; தொட்டால் அளவுகோலை மீண்டும் படமெடுக்க வேண்டும். இதை வலியுறுத்தக் காரணம், சமன்பாட்டில் இடப்பெயர்ச்சியின் வர்க்கம் வருவதுதான். நீளத்தில் 5 விழுக்காடு பிழை இருந்தால், விடையில் 10 விழுக்காடு பிழை வரும்.

பிறகு குவியத்தை அறையின் நடு ஆழத்துக்குக் கொண்டுவாருங்கள். கண்ணாடிச் சுவருக்கு அருகிலுள்ள துகளுக்கு நீரின் தடை கூடுதல். சுவரிலிருந்து 5 மைக்ரோமீட்டர் தள்ளியிருந்தாலே அரை மைக்ரோமீட்டர் ஆரமுள்ள துகளின் பரவல் 5 விழுக்காட்டுக்கு மேல் குறைகிறது. அடித்தளத்தில் கிடப்பவை அசையாமல் தெளிவாகத் தெரிவதால் கண் அவற்றையே நாடும். அவற்றை விட்டுவிடுங்கள்.

கைப்பேசியின் குவியத்தையும் ஒளியளவையும் பூட்டிவிட்டு, மின்விசிறியை நிறுத்தி, மேசையில் கை ஊன்றாமல் ஐந்து நிமிடக் காணொளிகளாக நான்கைந்து எடுங்கள். ஒவ்வொன்றின் தொடக்கத்திலும் முடிவிலும் மேடையருகே வெப்பநிலையைக் குறித்துக்கொள்ளுங்கள். நீரின் பாகியல் எண் (பாய்வதற்கு அது காட்டும் தடையின் அளவு) வெப்பநிலையோடு விரைந்து மாறுவது: 25° செல்சியஸில் 0.890 மில்லிபாஸ்கல் நொடி, 27°யில் 0.851, 30°யில் 0.797. அறை வெப்பநிலை என்று தோராயமாக எழுதிவிட்டு 25° என்று கணக்கிட்டால், சென்னையின் ஒரு சாதாரணப் பிற்பகலில் விடை 10 விழுக்காடு தவறிவிடும்.

6. எதை அளக்க வேண்டும், எதை அளக்கக் கூடாது

துகளின் வேகத்தை அளக்க முயலாதீர்கள். ஐன்ஸ்டைனுக்கு முன் பலர் அதைத்தான் செய்து, ஒன்றோடொன்று பொருந்தாத விடைகளைப் பெற்றார்கள். துகள் ஒரு நொடிக்குள் எண்ணற்ற முறை திசை மாறுகிறது. நீங்கள் வரையும் கோடு, குறித்த இரு புள்ளிகளுக்கு இடைப்பட்ட நேர்கோடு மட்டுமே, துகள் போன பாதை அன்று. நேர இடைவெளியைக் குறைத்தால் அந்த "வேகம்" கூடிக்கொண்டே போகும். பொருளுள்ள அளவு, ஒரு குறிப்பிட்ட இடைவெளியில் நிகழ்ந்த இடப்பெயர்ச்சியின் வர்க்கச் சராசரி, அதாவது ஒவ்வோர் இடப்பெயர்ச்சியையும் வர்க்கமாக்கி எடுக்கும் சராசரி. அது நேரத்துக்கு நேர்விகிதத்தில் வளர்கிறது. பெரெனின் குழுவினர் 30 நொடிக்கு ஒருமுறை துகளின் இடத்தைக் கட்டத்தாளில் குறித்தார்கள். காணொளி உள்ள நமக்கு 1 அல்லது 2 நொடி போதும்.

இடைவெளியைத் தேர்வதில் இரு பக்கமும் பள்ளம் உண்டு. 1 மைக்ரோமீட்டர் விட்டமுள்ள துகள் 27°யில் ஒரு அச்சில் 1 நொடிக்கு ஏறத்தாழ 1 மைக்ரோமீட்டர், 30 நொடிக்கு 5.6 மைக்ரோமீட்டர் என்ற அளவில் விலகும். நீரில் நொடிக்கு 0.2 மைக்ரோமீட்டர் என்ற மெல்லிய ஓட்டம் இருந்தால், 30 நொடியில் அது 6 மைக்ரோமீட்டர் சேர்த்துவிடும், அதாவது உண்மையான விலகலைவிடக் கூடுதலாக. அதே ஓட்டம் 1 நொடியில் வர்க்கச் சராசரியில் 4 விழுக்காடே சேர்க்கும். மறுபக்கம், இடைவெளியை ஒரு நொடியில் பத்தில் ஒரு பங்காகக் குறைத்தால், புள்ளியைக் குறிப்பதில் வரும் கைப்பிழை விலகலுக்கு இணையாகிவிடும்.

ஓட்டத்தை முழுமையாக ஒழிக்க ஓர் எளிய உபாயம் உண்டு. ஒரே நேரத்தில் இரண்டு துகள்களைத் தொடர்ந்து, ஒன்றிலிருந்து மற்றொன்றின் தொலைவு மாறுவதை அளங்கள். இரண்டையும் ஓட்டம் ஒரே அளவு தள்ளுவதால் அது கழிந்துவிடும். இப்படிக் கிடைக்கும் வர்க்கச் சராசரி தனித் துகளுக்குரியதைப் போல இருமடங்கு, ஆகவே இரண்டால் வகுத்துக்கொள்ளுங்கள். துகள்கள் ஒன்றுக்கொன்று மிக அருகில் இருக்கக் கூடாது.

சில நொடிகளில் துகள் குவியத்தை விட்டு மேலோ கீழோ போய்விடும். கவலைப்பட வேண்டாம், அதுவரை குறித்தவற்றை வைத்துக்கொண்டு அடுத்த துகளுக்குச் செல்லுங்கள். மூன்று அச்சுகளிலும் விலகல்கள் ஒன்றையொன்று சாராதவை என்பதால், குவியத்துக்குள் தங்கியவற்றை மட்டும் எடுத்தாலும் பக்கவாட்டு விலகலில் சாய்வு வராது.

எத்தனை அளவீடுகள் வேண்டும்? 200 இடப்பெயர்ச்சி மதிப்புகளுக்கு ஏறத்தாழ 10 விழுக்காடு புள்ளியியல் பிழை, 800க்கு 5 விழுக்காடு. கிடையச்சும் நெட்டச்சும் தனித்தனி மதிப்புகளாகக் கணக்கில் வரும் என்பதால், 400 தாவல்களைக் குறித்தால் 800 மதிப்புகள் கிடைக்கும். மொத்த வேலையில் கூடுதல் நேரம் பிடிப்பது இதுவே. கையால் குறிப்பதானால் ஒரு முழு நாளை ஒதுக்குங்கள்.

7. கணக்கு

எல்லா அளவுகளையும் மீட்டர், நொடி, பாஸ்கல், கெல்வின் அலகுகளுக்கு மாற்றிக்கொண்டு, இந்தச் சமன்பாட்டில் இடுங்கள்:

அவகாட்ரோ எண் = (வாயு மாறிலி × வெப்பநிலை × நேர இடைவெளி) ÷ (3 × பை × பாகியல் எண் × துகளின் ஆரம் × ஓரச்சு வர்க்கச் சராசரி)

வாயு மாறிலி 8.314. இது வாயுக்களின் அழுத்தம், கனஅளவு, வெப்பநிலை ஆகியவற்றிலிருந்து பெறப்படுவது, அணுக்களை எண்ணித் தெரிந்துகொள்ள வேண்டியதில்லை. போல்ட்ஸ்மான் மாறிலியை இங்கே எந்த வடிவிலும் நுழைக்காதீர்கள். சான்றிதழ் பற்றிச் சொன்ன அதே காரணம்தான்.

எடுத்துக்காட்டாக, 27°யில், 0.5 மைக்ரோமீட்டர் ஆரமுள்ள துகள்களுக்கு, 1 நொடி இடைவெளியில் வர்க்கச் சராசரி 1.08 சதுர மைக்ரோமீட்டர் என்று வந்ததாக வைத்துக்கொள்வோம். விடை ஏறத்தாழ 5.8 × 10²³. இன்று ஏற்கப்பட்டுள்ள மதிப்பு 6.022 × 10²³ என்பதால், 5 விழுக்காட்டுக்குள் வந்த நல்ல அளவீடு அது.

விடை 3 × 10²³ அருகே வந்தால் இரண்டில் ஒன்று நடந்திருக்கும்: ஆரத்துக்குப் பதில் விட்டத்தைப் போட்டிருப்பீர்கள், அல்லது இரு அச்சுகளின் வர்க்கங்களையும் கூட்டி ஓரச்சுச் சமன்பாட்டில் இட்டிருப்பீர்கள். இன்னொரு சோதனையும் கட்டாயம் செய்யுங்கள். 1, 2, 3, 4 நொடி இடைவெளிகளுக்குத் தனித்தனியே வர்க்கச் சராசரியைக் கணக்கிட்டு வரைபடம் வரையுங்கள். நேர்கோடு வந்தால் நீங்கள் அளந்தது பிரௌனியன் இயக்கம். கோடு மேல்நோக்கி வளைந்தால் ஓட்டம் இருக்கிறது. கோடு சுழியில் தொடங்காமல் சற்று உயரத்தில் தொடங்கினால், அந்த உயரம் புள்ளி குறிப்பதில் வந்த பிழை. சாய்வை மட்டும் எடுத்துக்கொண்டால் அது நீங்கிவிடும்.

8. இந்த எண் எதை நிறுவுகிறது

உங்கள் விடை மட்டும் அணுவை நிறுவிவிடாது. பெரென் இதே எண்ணை முற்றிலும் வேறான வழியிலும் அளந்தார். செங்குத்தாக நிற்கும் நீரில் உயரம் கூடக் கூடத் துகள்கள் எப்படி அருகுகின்றன (எண்ணிக்கையில் குறைகின்றன) என்று எண்ணிப் பார்த்தார். 0.212 மைக்ரோமீட்டர் ஆரமுள்ள பிசின் துகள்கள், 30 மைக்ரோமீட்டர் உயரத்துக்கு ஒருமுறை 100, 47, 22.6, 12 என்று குறைந்தன. மலை ஏற ஏறக் காற்று அருகுவதும் இதே விதிப்படிதான், அங்கே பாதியாவதற்குக் கிலோமீட்டர்கள் வேண்டும், இங்கே மைக்ரோமீட்டர்கள் போதும். அதிலிருந்து அவருக்குக் கிடைத்தது ஏறத்தாழ 7 × 10²³. இடப்பெயர்ச்சியிலிருந்தும், துகள்களின் சுழற்சியிலிருந்தும் அதற்கு அருகிலேயே வந்தது. கதிரியக்கம், எலெக்ட்ரானின் மின்னூட்டம் போன்ற தொடர்பே இல்லாத துறைகளின் அளவீடுகளும் அதே எண்ணைச் சுற்றியே நின்றன. மூலக்கூறுகள் வெறும் கணக்கு வசதி என்றால், இத்தனை வழிகள் ஓரிடத்தில் வந்து கூடக் காரணமே இல்லை. அணுக்கொள்கையை நெடுங்காலம் எதிர்த்த வில்ஹெல்ம் ஓஸ்ட்வால்ட், 1909இல் வெளிவந்த தம் பாடநூல் பதிப்பின் முன்னுரையில், அணுக்களுக்குச் சோதனைச் சான்று கிடைத்துவிட்டதாக வெளிப்படையாக ஏற்றுக்கொண்டார். பெரெனுக்கு 1926இல் இயற்பியல் நோபல் பரிசு கிடைத்தது.

நேரம் இருந்தால் நீங்களும் இரண்டாம் வழியைச் செய்யுங்கள். அதே ஸ்லைடைத் தட்டையாக மேடையில் மூன்று நான்கு மணி நேரம் அசையாமல் விட்டு, பிறகு அடித்தளத்திலிருந்து மேலே 5 மைக்ரோமீட்டருக்கு ஒருமுறை குவியத்தை நகர்த்தி, தெளிவாகத் தெரியும் துகள்களை எண்ணுங்கள். 1 மைக்ரோமீட்டர் பாலிஸ்டைரீன் துகள்கள் ஏறத்தாழ 10 மைக்ரோமீட்டருக்கு ஒருமுறை பாதியாக வேண்டும். இந்தக் கணக்கில் துகளின் அடர்த்தி வருவதால் சான்றிதழில் உள்ள அடர்த்தி இங்கே தேவைப்படும்.

9. பதிவேடும் பராமரிப்பும்

தொகுதி எண், சான்றிதழின் நகல், அளவுகோல் படம், ஒவ்வொரு காணொளிக்கும் வெப்பநிலை, நீக்கிய துகள்கள் எவை, ஏன் நீக்கினீர்கள் என்ற குறிப்பு ஆகியவை ஒரே கோப்பில் இருக்கட்டும். விடையைப் பார்த்த பிறகு துகள்களை நீக்கத் தொடங்காதீர்கள். நீக்கும் விதியை முதலிலேயே எழுதி வைத்துவிடுங்கள்.

சில புட்டிகளில் நுண்ணுயிர் வளராதிருக்க சோடியம் அசைடு என்ற நச்சுப்பொருள் சேர்க்கப்பட்டிருக்கும். சிட்டையைப் படித்து, கையுறை அணிந்து எடுங்கள், மீந்ததைக் கைகழுவும் தொட்டியில் ஊற்றாதீர்கள். புட்டியைக் குளிர்பதனப் பெட்டியில் 4° செல்சியஸ் அளவில் வைக்கலாம், ஆனால் உறைய விடக் கூடாது. ஒருமுறை உறைந்துவிட்டால் துகள்கள் கட்டி கட்டியாக ஒட்டிக்கொள்ளும், எவ்வளவு குலுக்கினாலும் பிரியாது.